வயிறு தள்ளிய ஜன்னல்

ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஜன்னல் வந்து இறங்கியது. போளூர் பஸ்ஸில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால், சுருட்டி ரப்பர் பேண்ட் போட்ட பழுப்புத் தாளாக. மேலே 'போர்டு கடை' என்று பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருந்தது. கடைக்குக் கொண்டுவந்து மேஜையில் விரித்து, நான்கு மூலைக்கும் பெயின்ட் டப்பா வைத்து அமுக்கினேன். மூன்று வடிவங்கள். மூலைகள் வளைந்தவை, ஒரு பக்கம் சற்றுச் சரிந்தவை. பெரியதன் நடுவில் ஒரு அம்புக்குறி போட்டு, 'அணியம் இந்தப் பக்கம்' என்றிருந்தது. படகின் முன்பகுதியைச் சென்னை காசிமேட்டில் அணியம் என்பார்கள். கடலைப் பார்க்க நாலைந்து மணி நேரம் பஸ் ஏற வேண்டிய ஜவ்வாது மலையில், என் மேஜைமேல் ஒரு விசைப்படகின் முகம் கிடந்தது.

அது 2016 கடைசி. டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்துபோயிருந்தது. துறைமுகத்தில் கட்டியிருந்த படகுகள் ஒன்றோடொன்று மோதியதில், நான் வேலை பழகிய மேஸ்திரியின் மகனுக்குப் பங்கு இருந்த படகின் கேபின் கண்ணாடிகள் போய்விட்டன. போனில் பேசினான். "அண்ணே, ஊர்ல எல்லா போட்டுக்கும் ஒரே நேரத்துல வேலை. ஒர்த்தனும் வர மாட்டேன்றான். நீ சீட்டு அறுத்துக் குடு, நானே மாட்டிக்கிறேன்." பழைய ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம் ஆகியிருந்த நேரம். கையில் ரொக்கம் இல்லாத அவனுக்கு, கடனுக்கு அறுத்துக் கொடுக்க மலைமேல் ஒரு அண்ணன் இருந்தது வசதி.

அளவில் பெரியது 92 செ.மீ. நீளம், 48 செ.மீ. உயரம். ஆறு மி.மீ. அக்ரிலிக் சீட்டு என்னிடம் இருந்தது. மார்கழி விடியலில், கை விறைக்கிற குளிரில், அவன் தாள் சொன்ன கோட்டில் மயிரிழை பிசகாமல் அறுத்தேன். துளைகளையும் திருகின் பருமனுக்குச் சரியாகப் போட்டேன். விளிம்பைத் தேய்த்து, பாலிஷ் ஏற்றி, பழைய பெட்ஷீட்டில் சுற்றி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பொங்கலுக்கு முன்னால் மாட்டிவிட்டு, "கண்ணாடி மாரியே கீதுண்ணே" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இருபத்தாறு வருஷ வேலைக்காரன் அல்லவா.

சித்திரை பிறந்தது. மறுபடி போன்.

"அண்ணே, ஜன்னலு வயித்தத் தள்ளிக்கினு நிக்குது. திருகு ஓட்டையிலிருந்து கோடு கோடா போவுது."

தப்பு முழுக்க என்னுடையது. அதை ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு ராத்திரி தேவைப்பட்டது. அக்ரிலிக் சீட்டு சூட்டுக்கு நீளும். ஒரு மீட்டர் சீட்டு ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.07 மி.மீ. கேட்டால் ஒன்றுமில்லாத அளவு. ஆனால் 15 டிகிரிக் குளிரில் அறுத்த 92 செ.மீ. சீட்டு, வெயிலில் நிற்கிற படகின் கேபினில் 50 டிகிரியைத் தொடும்போது இரண்டு மி.மீ.க்கு மேல் வளர்ந்திருக்கும். சட்டத்துக்குள் வளர இடமில்லை. திருகும் இறுக்கிப் பிடித்திருக்கிறது. அப்புறம் அது என்ன செய்யும், வயிற்றைத்தான் தள்ளும். ஜன்னல் கண்ணாடி அதே சூட்டில் இதில் எட்டில் ஒரு பங்குதான் நீளும். கண்ணாடிக்குப் பழகிய சட்டத்தில் அக்ரிலிக்கை மாட்டுகிற எல்லோரும் ஒரு தடவை இந்த அடி வாங்குவார்கள். நான் அதை மலைக்குளிரில் அறுத்து, கடற்கரை வெயிலுக்கு அனுப்பி, இரட்டிப்பாக வாங்கிக்கொண்டேன்.

வெட்கம் எதனால் என்றால், சூடும் குளிரும் கண்ணாடியை என்ன செய்யும் என்பதை இந்த மலையில் பிறந்த ஒருவன் மறக்கவே கூடாது. நான் பிறந்த ஊர், காவலூர் வானாய்வகத்துக்கு நடந்து போகிற தூரம். என் அப்பா அங்கே கட்டட வேலையில் கல் சுமந்தவர். 1960களில் வானியலாளர் வேணு பாப்பு தென்னிந்தியாவில் தொலைநோக்கி வைக்க இடம் தேடி, கடைசியில் எங்கள் மலையில், கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில், காட்டு நடுவில் நூறு ஏக்கரைப் பிடித்தார். நகரத்து வெளிச்சம் எட்டாத இருட்டு வேண்டும் அவருக்கு. எங்களிடம் அது நிறைய இருந்தது. கரண்டே அப்போது பல ஊருக்கு வரவில்லை.

1968இல் அங்கே முதலில் வேலை தொடங்கிய தொலைநோக்கி 38 செ.மீ. அகலம். கொடைக்கானல் வானாய்வகத்தின் கொல்லையில் தாங்களே செய்துகொண்டது. எனக்கு அந்த மலையில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். 1972இல் ஜெர்மனியிலிருந்து கார்ல் ஸைஸ் கம்பெனியின் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது, 1977 மார்ச் 10ஆம் தேதி யுரேனஸுக்கு வளையம் இருப்பதை உலகம் கண்டுபிடித்த ராத்திரியில் அந்தக் கருவியும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பதெல்லாம் பெருமைதான். ஆனாலும் காசு கொடுத்து வாங்கியதைவிடக் கொல்லையில் செய்ததற்கு என் மனது சாய்கிறது. தொழில் புத்தி.

அடுத்து பாப்பு ஆசைப்பட்டது 2.34 மீட்டர் கண்ணாடி. இந்த முறை வெளியே வாங்குவதில்லை, நாமே தேய்ப்பது என்று முடிவு. சூட்டுக்கும் குளிருக்கும் அசைந்துகொடுக்காத தனி வகைக் கண்ணாடி வில்லை மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்தது. பெங்களூரில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் பட்டறையில் ஏ.பி.ஜெயராஜன் என்பவரின் மேற்பார்வையில் அதைத் தேய்த்தார்கள். தேய்ப்பது என்றால் என் மாதிரி உப்புத்தாள் போட்டு அரை மணி நேரம் தேய்ப்பது இல்லை. பொடியைத் தூவி, தேய்த்து, நிறுத்தி, சூடு ஆறவிட்டு, அளந்து, மறுபடி தேய்த்து, வருஷக்கணக்கில். ஒளியின் அலைநீளத்தில் ஒரு சின்னப் பங்கு அளவுக்குப் பள்ளம் மேடு இருந்தாலும் நட்சத்திரம் கலங்கும். தேய்க்கும் சூட்டில் கண்ணாடி மாறிவிடும் என்பதால், ஆறிய பிறகுதான் அளக்கவே வேண்டும். என் ஜன்னல் பாடம் இதற்குள் முழுசாக இருக்கிறது, பாருங்கள். அவர்கள் அசையாத கண்ணாடியை எடுத்துக்கொண்டும் ஆறுவதற்குக் காத்திருந்தார்கள். நான் அசைகிற பிளாஸ்டிக்கை எடுத்துக்கொண்டு அவசரப்பட்டேன்.

பாப்பு 1982இல் காலமானார். தொலைநோக்கியை 1986 ஜனவரி 6ஆம் தேதி ராஜீவ் காந்தி வந்து திறந்துவைத்தார். வானாய்வகத்துக்கு வேணு பாப்புவின் பெயரை வைத்தார்கள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அப்பா, தான் சுமந்த கல் எந்தப் பக்கச் சுவரில் இருக்கிறது என்று கை நீட்டிக் காட்டினார். போலீஸ்காரர் அவரைத் தள்ளி நிற்கச் சொன்னதும் நினைவில் இருக்கிறது.

தேய்ப்பு எங்கள் மலைக்கு அதற்கும் முன்னாலேயே வந்துவிட்டது. ஜவ்வாது மலையில் மரத்தடிக் கோயில்கள் சிலவற்றில் உள்ளங்கை அளவில் கறுத்த கற்களை வைத்துக் கும்பிடுவார்கள். ஒரு முனை கூர், மறு முனை மழுங்கல். மஞ்சளும் எண்ணெயும் பூசிப் பூசி, சாமியாகவே ஆகிவிட்டவை. தொல்லியல்காரர்கள் வந்து பார்த்து, புதிய கற்காலக் கோடரிகள் என்றார்கள். சில ஆயிரம் வருஷம் முன்னால் யாரோ ஒருவர் ஒரு கல்லை இன்னொரு கல்லின்மேல் தண்ணீரும் மணலும் விட்டு நாள்கணக்கில் உரசிச் செய்தது. சென்னையில் வேலை பழகி, முதல் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அந்தக் கல் ஒன்றின் விளிம்பைத் தடவிப் பார்த்தேன். அறுநூறு நம்பர் தாள் போட்ட மழமழப்பு. பூசாரி திட்டினார். சாமியைத் தரம் பார்க்கிற பயல் என்று.

எங்கள் பையன்களின் கைக்குக் கிடைத்த தொழில் பெரும்பாலும் வெட்டுவதுதான். சந்தனம் இந்த மலையின் சொத்து என்று சொல்லிச் சொல்லியே அதைத் தீர்த்தார்கள். பிறகு மரம் வெட்டத் தெரிந்த கைகளைத் தேடிப் புரோக்கர்கள் வந்தார்கள், ஆந்திரத்துச் செம்மரத்துக்காக. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் போலீஸார் சுட்டுக் கொன்ற இருபது பேரில் பலர் எங்கள் மலைக்காரர்கள். நான் 1990இல், பதினேழு வயதில், வேறு பஸ் ஏறியிருந்தேன். அவ்வளவுதான் வித்தியாசம். என் கையிலும் ரம்பம்தான் கொடுத்தார்கள்.

காசிமேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் இருந்தது அந்தக் கடை. வாசலில் போர்டு எழுத்து வேலை, பின்கட்டில் படகு வேலை. சீட்டு வாங்க தேவராஜ முதலி தெருப் பக்கம் போவோம். கண்ணாடியும் பிரேமும் விற்கிற அந்தத் தெருவில் எட்டுக்கு நாலு அடி சீட்டைத் தலைமேல் தூக்கிக்கொண்டு, காற்று அடித்தால் பாய்மரம் மாதிரி தள்ளாடிக்கொண்டு வருவோம். கண்ணாடிக்காரர்கள் எங்களைக் கீழாகப் பார்ப்பார்கள். அவர்களுக்கு வைர முனையால் ஒரே ஒரு கோடு, ஒரு தட்டு, 'டக்' என்று பிரியும். நாங்களோ கொக்கி மாதிரி வளைந்த கத்தியை ஸ்கேல் ஓரமாக வைத்து, எட்டுத் தடவை, பத்துத் தடவை இழுத்து, சுருள் சுருளாகப் பிளாஸ்டிக்கைச் சீவி, கால்வாசிக்கு மேல் ஆழம் வந்த பிறகு மேஜை விளிம்பில் வைத்து அமுக்கி உடைப்போம். அதுவும் மூன்று மி.மீ. வரைக்கும்தான். அதற்கு மேல் பருமன் என்றால் ரம்பம். வளைவு என்றாலும் ரம்பம்.

மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொல்லித்தந்தவை சில. சீட்டின் இரு பக்கமும் ஒட்டியிருக்கிற தாளை வேலை முடிகிறவரை உரிக்கக் கூடாது. ரம்பம் வேகமாக ஓடினால் சூட்டில் பிளாஸ்டிக் உருகி, அறுத்த வழி பின்னாலேயே மறுபடி ஒட்டிக்கொள்ளும். துளை போடும் பிட்டின் கூரைக் கல்லில் கொஞ்சம் மழுக்கிக்கொள்ள வேண்டும். கூர் அதிகமானால் சீட்டைக் கடித்து இழுத்து, மறுபக்கம் வெளியே வரும்போது பிளந்துவிடும். தின்னர் வைத்துத் துடைத்தால் தொலைந்தது, உள்ளுக்குள் வெள்ளி மயிர் மாதிரி விரிசல் ஓடும். சோப்புத் தண்ணீரே போதும். விளிம்புக்கு முதலில் அரம், பிறகு உப்புத்தாள், பிறகு தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற வாட்டர் பேப்பர், நானூறு, அறுநூறு, ஆயிரம், கடைசியில் துணிச் சக்கரத்தில் மெழுகு வைத்து பஃபிங்.

ஒட்டுவதற்கு குளோரோஃபார்ம். ஆஸ்பத்திரிச் சிரிஞ்சில் உறிஞ்சி, இரண்டு துண்டு சேருகிற இடுக்கில் ஒரு சொட்டு விட்டால், தண்ணீர் நூலில் ஏறுவதுபோல் இடுக்கு முழுவதும் ஓடும். பிளாஸ்டிக்கே இளகி ஒன்றாகிவிடும். பசை என்று தனியாக ஒன்று இல்லை. பின்கட்டில் ஜன்னல் கிடையாது. ஜன்னல் செய்கிற இடத்தில் ஜன்னல் இல்லாதது ஏன் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். மேஸ்திரி என்னைத் தூக்கி வாசலில் போட்டு, கோலி சோடா வாங்கிக் கொடுத்தார். முதலாளி அரை நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார்.

இந்தச் சீட்டு எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பத்து வருஷம் ஆனது. ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்பவர் 1901இல் அக்ரிலிக் அமிலத்தைப் பற்றி ஆராய்ச்சிப் பட்டத்துக்கு எழுதினார். முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து, 1933இல் அவருடைய கம்பெனி பிளெக்ஸிகிளாஸ் என்ற பெயரைப் பதிவு செய்தது. அதே சமயம் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. கம்பெனியில் ரோலண்ட் ஹில், ஜான் கிராஃபோர்ட் என்ற இருவர் அதே இடத்துக்கு வேறு வழியாக வந்து சேர்ந்தார்கள், அவர்களுடையது பெர்ஸ்பெக்ஸ். காசிமேட்டு மேஸ்திரிக்கு இரண்டுமே 'பர்பெக்ஸ்'தான்.

செய்முறையைக் கேட்டபோது சிரிப்பு வந்தது. இரண்டு கண்ணாடித் தகடுகளை எதிரெதிரே நிறுத்தி, ஓரத்தை ரப்பர் மாதிரி நெகிழும் வளையத்தால் அடைத்து, நடுவில் தேன்பாகு போன்ற திரவத்தை ஊற்றி மெதுவாகச் சூடேற்றுகிறார்கள். திரவம் இறுகும்போது ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். அது சுருங்கச் சுருங்கக் கண்ணாடிகளும் நெருங்கி வரும், அதற்குத்தான் நெகிழும் வளையம். கடைசியில் கண்ணாடியின் மழமழப்பு அப்படியே சீட்டில் பதிந்திருக்கும். எங்களை மதிக்காத கண்ணாடியின் மடியில்தான் எங்கள் சீட்டு பிறக்கிறது! முகத்துக்குப் பிறவியிலேயே பாலிஷ். நமக்கு மிஞ்சுவது விளிம்பு வேலை மட்டும். எடை கண்ணாடியில் பாதிக்கும் குறைவு. அதனால்தான் இரண்டாம் உலகப் போரில் சண்டை விமானங்களின் மூடி எல்லாம் இதில் செய்தார்கள்.

அந்த மூடியில் தொடங்குகிற ஒரு கதை எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் வந்து முடிகிறது.

1940 ஆகஸ்டில் கோர்டன் கிளீவர் என்ற ஆங்கிலேய விமானியின் ஹரிக்கேன் விமானத்தைக் குண்டு துளைத்தது. மூடி சிதறி, பெர்ஸ்பெக்ஸ் துகள்கள் அவர் கண்ணுக்குள் போய்விட்டன. ஒரு கண் போயிற்று. மற்றக் கண்ணில் துகள்கள் தங்கிவிட்டன. அவரைப் பார்த்த டாக்டர்களில் ஒருவர் ஹெரால்ட் ரிட்லி. கண்ணில் தூசி பட்டாலே சிவந்து வீங்கும். இந்தத் துகள்களோ வருஷக்கணக்கில் உள்ளே இருந்தும் கண் அவற்றைப் பகைக்கவில்லை. ரிட்லி இதை மனதில் வைத்துக்கொண்டார். புரை எடுத்த கண்ணுக்கு மாற்று லென்ஸ் வைக்க முடியாதா என்று ஒரு மாணவர் கேட்டது அவரை உந்தியதாகச் சொல்வார்கள். 1949 நவம்பர் 29ஆம் தேதி லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், பெர்ஸ்பெக்ஸில் கடைந்த லென்ஸை ஒரு பெண்ணின் கண்ணுக்குள் முதன்முதலாக வைத்தார். பெரிய பெரிய டாக்டர்கள் அவரைப் பல வருஷம் ஏசினார்கள். வயதான காலத்தில் அவருக்கே புரை வந்து, அதே மாதிரி லென்ஸைத் தன் கண்ணில் வைத்துக்கொண்டார். 2000இல் ராணி அவருக்கு 'சர்' பட்டம் கொடுத்தார்.

1999இல் என் அம்மாவுக்குப் புரை. கண் முகாம் பஸ் வந்து மலையிலிருந்து கூட்டிக்கொண்டு போய், ஆபரேஷன் செய்து, நாலாம் நாள் கொண்டுவந்து விட்டது. கையில் ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள். எந்தக் கண், என்ன தேதி, என்ன லென்ஸ். நான் லீவுக்கு வந்தபோது அதைப் படித்துப் பார்த்து அசந்துபோனேன். லென்ஸ் எதனால் ஆனது என்ற இடத்தில் பி.எம்.எம்.ஏ. என்று நான்கு எழுத்து. எங்கள் சீட்டுக் கட்டில் ஒட்டி வருகிற லேபிளிலும் அதே நான்கு எழுத்து. நான் அறுத்து, தேய்த்து, குப்பையில் பெருக்கித் தள்ளுகிற பொருள், அம்மா கண்ணுக்குள் ஆறு மி.மீ. வட்டமாக உட்கார்ந்திருந்தது. கண்ணுக்குப் போவது பல மடங்கு சுத்தமாக்கிய சரக்கு, அது வேறு விஷயம்.

மதுரையில் டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் அங்கமாக 1992இல் லென்ஸ் தயாரிக்கும் அரோலேப் வந்தது. வெளிநாட்டு லென்ஸ் நூறு டாலர் கணக்கில் விற்ற நாளில், அரோலேப் அதைப் பத்து டாலர் அளவுக்கு இறக்கியது. பிறகு இன்னும் இறங்கியது. மலை ஊர்க் கிழவிகளுக்கெல்லாம் லென்ஸ் வைக்க முடிகிற காலம் அப்படித்தான் வந்தது. கடைசலில் வெட்டிய லென்ஸ்களைப் பாலிஷ் செய்ய, நுண்ணிய கண்ணாடி மணிகளோடு உருளைக்குள் போட்டு நாள்கணக்கில் உருட்டுவார்களாம். கல்லை மணலில் உரசிய ஆளும், கண்ணாடியைப் பொடியில் உரசிய ஜெயராஜனும், பிளாஸ்டிக்கைக் கண்ணாடி மணியில் உரசுகிற மதுரைக்காரர்களும் ஒரே பட்டறையில் அடுத்தடுத்த மேஜைகளில் உட்கார்ந்திருப்பதுபோல் எனக்குத் தோன்றும். நான் வாசல் ஓரத்தில்.

படகு ஜன்னல் அந்தப் பட்டறையில் கடைசிப் பிள்ளை. கட்டுமரத்துக்கு ஜன்னல் ஏது. வள்ளத்துக்கும் இல்லை. கேரளத்தில் நீண்டகரைப் பக்கம் நார்வேக்காரர்களோடு 1952இல் ஒப்பந்தம் போட்டு விசைப்படகுத் திட்டம் தொடங்கியது. அந்த ஐம்பதுகளில்தான் நம் கரையிலும் இன்ஜின் வைத்த படகுகள் வந்தன. இன்ஜினுக்குப் பின்னால் சுக்கான் பிடிக்கிறவருக்கு ஒரு மரக்கூண்டு வந்தது, கூண்டுக்கு ஜன்னல் வந்தது. முதலில் சாதாரணக் கண்ணாடிதான். அலை அடித்தால் உடையும். உடைந்தால் வெறுங்காலோடு நிற்கிறவர்கள் நடுவில் சில்லு சிதறும். அதனால் அக்ரிலிக். அது உடைந்தாலும் பெரிய துண்டாக உடையும், கத்தி மாதிரிச் சில்லு பறக்காது. பாலிகார்பனேட் இன்னும் கெட்டி என்று இப்போது சிலர் கேட்கிறார்கள். கெட்டிதான், ஆனால் உப்புக்கை பட்டுத் துடைத்தே கீறல் விழுந்து மங்கிவிடும். கீறலைத் தேய்த்து எடுப்பது அக்ரிலிக்கில் சுலபம்.

கடலில் இந்தச் சீட்டு போகாத ஆழம் இல்லை. 1960 ஜனவரி 23ஆம் தேதி ஜாக் பிக்கார், டான் வால்ஷ் இருவரும் டிரியெஸ்ட் என்ற கலத்தில் பசிபிக்கின் மிக ஆழமான பள்ளத்தில், பத்தாயிரம் மீட்டருக்குக் கீழே போய் இறங்கினார்கள். அவர்கள் வெளியே எட்டிப் பார்த்த ஜன்னல், கூம்பு வடிவில் கடைந்த பிளெக்ஸிகிளாஸ். தண்ணீர் அழுத்த அழுத்தக் கூம்பு தன் குழிக்குள் இன்னும் இறுக உட்காரும். ஒன்பதாயிரம் மீட்டர் வாக்கில் நுழைவுப் பாதையின் ஜன்னல் ஒன்று 'படார்' என்று விரிசல் விட்டது. இருந்தும் கீழே போய்விட்டு வந்தார்கள். என் ஜன்னல் தண்ணீருக்கு மேலேயே, கட்டிப்போட்ட படகில், விரிசல் விட்டது.

2017 ஏப்ரல் 15. மீன்பிடித் தடைக்காலம். 2001இலிருந்து 45 நாளாக இருந்ததை அந்த வருஷம்தான் 61 நாளாக்கினார்கள். மீனவர்களுக்கு வயிற்றெரிச்சல்; எனக்கு, வெட்கத்தைக் கழுவ இரண்டு மாத அவகாசம். புதுச் சீட்டை எடுத்துக்கொண்டு நானே இறங்கிப் போனேன்.

முதலில் பழைய தாளைக் கிழித்துப் போட்டேன். சட்டத்திலேயே காலண்டர் அட்டையைப் பொருத்தி, பென்சிலால் கோடு இழுத்து, அட்டையை வெட்டி, உள்ளே வைத்துப் பார்த்து, மறுபடி செதுக்கினேன். அவனைக் கூடவே உட்காரவைத்தேன். "நீயேதான மாட்டுற? அப்ப நீயே அறு" என்று ரம்பத்தை அவன் கையில் கொடுத்தேன். ஜிக்ஷாவில் நெருக்கமான பல், வேகம் கம்மி, கோட்டுக்கு வெளியே ஒரு மி.மீ. விட்டு அறுத்து, மீதியை அரத்தால் எடுப்பது. மூலை வளைவில் அவசரப்பட்டான். தாள் கருகுகிற வாசனை வந்ததும் கையைப் பிடித்து நிறுத்தினேன். சுற்றிலும் சட்டத்துக்கும் சீட்டுக்கும் நடுவே இரண்டு இரண்டு மி.மீ. இடைவெளி. இடைவெளி அளக்க ஆளுக்கொரு தீக்குச்சி வைத்துக்கொண்டோம். நாலு மி.மீ. திருகுக்கு ஏழு மி.மீ. துளை, திருகின் தலைக்குக் கீழே ரப்பர் வாஷர். துளையின் உள்சுவரையும் உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்க்கச் சொன்னேன். "அதை எவண்ணே பாக்கப்போறான்?" என்றான். விரிசல் பார்க்கும் என்றேன். கத்தியால் கீறின மாதிரி ஒரு சின்ன வடு இருந்தால்கூட விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

மாட்டியது மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு. வேண்டுமென்றே. சீட்டை வெயிலில் ஒரு மணி நேரம் கிடத்தி, அது வளர வேண்டியதை வளர்ந்து முடித்த பிறகு. சிலிக்கானை நூல் பிடித்தமாதிரி சட்டம் முழுக்க இட்டு, சீட்டைப் பதித்து, திருகை விரல் முறுக்குக்கு மேல் இறுக்காமல் நிறுத்தினோம். ஓரத்துத் தாளை முன்னாலேயே ஒரு அங்குலம் உரித்திருந்தோம். மறுநாள் சிலிக்கான் காய்ந்ததும் மீதித் தாளை அவன் மகள் உரித்தாள். உரிக்கிறபோது வருகிற 'சர்ர்' சத்தத்துக்காக மூன்றையும் தானே உரிப்பேன் என்று அடம். தடை முடிந்து ஜூன் 15 அதிகாலையில் படகு புறப்பட்டது. அதற்குப் பிறகு ஜன்னலைப் பற்றி எனக்கு போன் வரவில்லை. வேறு விஷயங்களுக்கு வருகிறது. கடன் அதில் ஒன்று, இன்னும் பாக்கி.

என் கடையும் அதிக நாள் இப்படி ஓடாது. ஃப்ளெக்ஸ் பேனர் வந்து எழுத்து வேலையைத் தின்றபோதுதான் 2004இல் சென்னையை விட்டு மலைக்கு வந்தேன். இப்போது கீழே திருப்பத்தூரில் லேசர் மெஷினில் கொடுத்தால், வளைவு நெளிவெல்லாம் நிமிஷத்தில் வெட்டி, சூட்டிலேயே விளிம்பும் பளபளவென்று வந்துவிடுகிறது. அறுநூறும் ஆயிரமும் யாருக்கு வேண்டும். ஆனால் லேசர் வெட்டிய விளிம்பில் இறுக்கம் உள்ளேயே தங்கியிருக்கும், குளோரோஃபார்ம் பட்டால் மயிர் மயிராக விரியும். அதைச் சொன்னால் பையன்கள் சிரிக்கிறார்கள்.

உடைந்த முதல் ஜன்னலைத் தூக்கிப்போட மனமில்லை. விரிசல் இல்லாத பக்கத்தில் ஒரு அடிக்கு ஒரு அடி அறுத்து, ஊரில் அம்மாவின் மண்சுவர் வீட்டில், அடுப்புக்கு எதிரே சுவரைக் குடைந்து பதித்தேன். எங்கள் பழைய வீடுகளில் ஜன்னல் வைக்கிற வழக்கம் கிடையாது. குளிருக்கும் காட்டுக்கும் பயந்து வாசல் ஒன்றுதான். இந்தத் தடவை சுற்றிலும் இடைவெளி விட்டு, களிமண்ணோடு வைக்கோல் கலந்து மெத்தென்று பூசினேன். காலையில் அடுப்புப் புகைக்குள் ஒரு சதுர வெளிச்சம் விழுகிறது. அம்மாவுக்கு அதில் ரொம்பச் சந்தோஷம். சந்தோஷத்தில், பித்தளைக் குடத்தைத் தேய்க்கிற மாதிரி, புளியும் சாம்பலும் வைத்து வாரம் ஒரு தடவை அதைத் தேய்த்துவிடுகிறாள். மூன்றே மாதத்தில் பனிமூட்டம்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் ஆயிரம் நம்பர் தாள், பற்பசை, பழைய வேட்டித் துணி எடுத்துக்கொண்டு அந்தச் சுவர் முன்னால் உட்காருகிறேன். முதல் தடவை, தண்ணீர் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அம்மா பின்னால் வந்து நின்று, பதினெட்டு வருஷம் பழசான லென்ஸ் வழியாக உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"சாம்பலு போட்டா இன்னும் நல்லா போவும்டா."